சீலிட்ட உறையில் ஒரு பேருந்து

மனித குலத்தின் மாபெரும் கண்டுபிடிப்பு சக்கரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். தவறு. மாபெரும் கண்டுபிடிப்பு, பூட்டு வைத்த இரும்பு அலமாரி. சக்கரம் மனிதனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போகும், அவ்வளவுதான். அலமாரியோ ஓர் அரசாங்கத்தையே இருந்த இடத்தில் பத்திரமாக வைத்திருக்கும். இவை இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்விக்கு என் கண்ணெதிரே விடை கிடைத்தது. ஒரு நாள் சக்கரம் நேராக வந்து என் அலமாரியின் மேல் மோதியது. சக்கரம் நின்றுவிட்டது. அலமாரி அசையவில்லை.

போக்குவரத்துத் துறையின் தலைமை அலுவலகத்தில், சட்டப் பிரிவில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். துறையின்மேல் யாராவது வழக்குப் போட்டு, அந்தக் கோப்பைக் காட்டுங்கள், இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்பார்கள். காட்டினால் பொதுநலன் கெட்டுப் போகும், ஆகவே காட்டாமலிருப்பது அரசின் சிறப்புரிமை என்று பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுப்பது என் பணி. கழிப்பறைக்கு வாளி வாங்கிய ரசீதை இராணுவ இரகசியம் ஆக்கியவன் நான். வாளியில் ஓட்டை இருந்ததைப் பகைவர்கள் இன்றுவரை அறியமாட்டார்கள்.

அன்று மதியம் அலுவலகம் முழு வீச்சில் நடந்துகொண்டிருந்தது. அதாவது, யாரும் இல்லை. ஒருவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவரைத் தேடிக்கொண்டு இன்னொருவர் போயிருந்தார். போனவர்கள் திரும்பாததால் மற்றவர்கள் கவலைப்பட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் மேசைமேல் தலையை வைத்து, கண்ணை மூடி, ஆழ்ந்த சிந்தனையில் இருந்தேன். எங்கோ விசில் சத்தம் கேட்டது. அது நெருங்கியது. பிறகு சுவர் வழிவிட்டது.

செங்கல் தூசி அடங்கியபோது, மனுக் கொடுக்க வருபவர்கள் நிற்கும் இடத்தில், என் அலமாரியில் முட்டி, என் மேசையைத் தொட்டும் தொடாமலும் ஒரு நகரப் பேருந்து பணிவாக நின்றுகொண்டிருந்தது. முன்பாதி அலுவலகத்தில், பின்பாதி தெருவில். ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"மச்சான், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அவர் என் தங்கையின் கணவர். அதே வண்டியில் நடத்துநர் என் தங்கை. அவள் வாயில் விசில் இன்னும் இருந்தது. அதை எடுக்க மறந்து, எனக்கு அடி பட்டதா என்று விசிலாலேயே விசாரித்தாள். பயணிகளுக்குச் சிராய்ப்புகள்தான். இறங்கிய இருவர், வந்ததே வந்தோம் என்று, இலவசப் பயண அட்டைக்குக் கொடுத்த மனு என்னவாயிற்று என்று கேட்டார்கள். பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னேன். வண்டி மோதிவிட்டது என்பதற்காக நடைமுறையை மாற்ற முடியாது.

அப்போதுதான் பேருந்தின் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே வெள்ளைப் பெயிண்டில், "பிரேக் இல்லை. வண்டியை எடுக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே சிவப்புப் பெயிண்டில், "பரவாயில்லை. மெதுவாக எடுக்கவும்" என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தது.

முதல் வரியை எழுதியவர் பணிமனை மெக்கானிக். எல்லோரும் அவரை 'கிரீஸ்' என்பார்கள். இரண்டாவது வரி பணிமனை மேலாளருடையது. காகிதச் சிக்கனம் பற்றித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அதை மதித்து நடந்தவர்கள் அந்தப் பணிமனையில் இவர்கள் இருவர்தான். ஊரே அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறது. யாரும் பொருட்படுத்தவில்லை. எங்கள் பேருந்தில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரையே நம்பாதவர்கள், இதையா நம்புவார்கள்? என் பணிக்காலத்தில், ஒருவரும் தள்ளாமல் தானாகவே என் மேசைக்கு வந்து சேர்ந்த ஒரே கோப்பு அதுதான்.

துறை மின்னல் வேகத்தில் செயல்பட்டது. ஓட்டுநர் பிரேக்கைப் பயன்படுத்தத் தவறினார் என்றும், நடத்துநர் விசில் ஊதியும் வண்டியை நிறுத்தத் தவறினார் என்றும் குற்றப் பத்திரிகை போயிற்று. விசாரணை அதிகாரி, எங்கள் தெரு இறக்கத்தின் அடியில் எத்தனையோ கட்டடங்கள் இருக்க அரசு அலுவலகத்துக்குள் ஏன் விட்டீர்கள் என்று என் மாப்பிள்ளையைக் கேட்டார்.

"இடது பக்கம் ஸ்கூல் விடுற நேரம் சார். வலது பக்கம் மார்க்கெட். அந்த நேரத்துல ஆளே இருக்காத இடம் நம்ம ஆபீஸ் ஒண்ணுதான் சார்."

இந்தப் பதில் உடனடியாக அதிஉயர் இரகசியமாக அறிவிக்கப்பட்டது. இருவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். பணியாளர் குடியிருப்பைக் காலி செய்யும்படி வந்த உத்தரவைத் தயாரித்ததும் நான்தான். அதனால் அவர்கள் பெட்டி படுக்கையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. துறையின் உத்தரவு இவ்வளவு விரைவாக நிறைவேறியதே என்று பெருமையாக இருந்தது.

இருவரும் வழக்குப் போட்டார்கள். வண்டியின் முகத்தில் எழுதியிருப்பதை நீதிமன்றம் பார்க்க வேண்டும், அது போதும் என்றார்கள். துறைச் செயலாளர் என்னை அவசரமாகக் கூப்பிட்டார். நான் பிரமாணப் பத்திரத்தோடு போனேன். பேருந்து எப்படியய்யா ஆவணம் ஆகும் என்று கேட்டார்.

"குறிப்பு இருக்குதுங்க, உத்தரவு இருக்குதுங்க, கையெழுத்து இருக்குதுங்க. நம்ம கோப்புல பாதிக்கு இந்த மூணும் கிடையாதுங்க ஐயா."

செயலாளர் யோசித்தார். "இது வெளிய தெரிஞ்சா நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்துன்னு எழுதியிருக்கீங்களே, எப்படி?"

"நம்ம வண்டியில பிரேக் இல்லங்கிறது எதிரிக்குத் தெரிஞ்சுடும் ஐயா."

"எந்த எதிரிக்கு?"

"அது இரகசியம் ஐயா."

அவர் என்னை மரியாதையோடு பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பத்திரத்தில் நான் மிகவும் ரசித்து எழுதிய பத்தி வேறொன்று. இத்தகைய குறிப்புகளை நீதிமன்றங்கள் பார்க்கத் தொடங்கினால், அதிகாரிகள் இனி மனம் திறந்து எழுதத் தயங்குவார்கள் என்று குறிப்பிட்டிருந்தேன். பிரேக் இல்லாத வண்டியைப் பார்த்து 'பரவாயில்லை' என்று எழுத எத்தனை திறந்த மனம் வேண்டும். அதைக் காப்பது அரசின் கடமையல்லவா?

வழக்கு முடியும்வரை ஆவணத்தை அசைக்கக் கூடாது என்பதால் வண்டி அங்கேயே நின்றது. முகத்துக்குத் திரை போட்டோம். சில நாட்களில் எங்கள் பிரிவே வண்டிக்குள் குடியேறிவிட்டது. நாற்காலிகளைவிட இருக்கைகள் மெத்தென்று இருந்தன. ஜன்னலோரம் பிடிப்பதற்காக ஊழியர்கள் நேரத்துக்கு வரத் தொடங்கினார்கள். அலுவலக வரலாற்றில் இல்லாத அதிசயம் அது. தெருவில் நீட்டிக்கொண்டிருந்த பின்பாதியில் பொதுமக்கள் ஏறி உட்கார்ந்து, எப்போது கிளம்பும் என்று கேட்டார்கள். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கிறோம் என்று சொன்னதும், தெரிந்த விஷயம்தானே என்று பொறுமையாக இருந்தார்கள்.

வீட்டில் நிலைமை வேறு. மாப்பிள்ளை தள்ளுவண்டியில் பழம் விற்கத் தொடங்கியிருந்தார். வியாபாரம் எப்படி என்று ஒரு நாள் கேட்டேன். "நான் நின்னா இதுவும் நிக்குது மச்சான். நல்ல வண்டி" என்றார். தங்கை வேலை தேடி அலைந்தாள். நீக்கப்பட்டவள் என்று தெரிந்ததும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு சாயங்காலம் என் தட்டில் சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, அந்த எழுத்தை நீ படிச்சியா இல்லையா?"

"படிச்சேனா இல்லையாங்கிறதும் சிறப்புரிமைதாம்மா. சொல்லக் கூடாது."

"அப்ப உன் கண்ணு உன்னோடது இல்ல?"

"ஆபீஸ் நேரத்துல இல்ல" என்றேன்.

அவள் அதற்குப் பிறகு பேசவில்லை. அன்று மட்டுமல்ல, பல நாள். உப்பு வேண்டுமா என்பதைக்கூட என் மனைவி மூலமாகத்தான் கேட்டாள். நாட்டுக்காக எவ்வளவோ பேர் எவ்வளவோ இழந்திருக்கிறார்கள். நான் உப்பில்லாமல் சாப்பிட்டேன்.

விசாரணை நாள் வந்தது. நீதிபதி வயதானவர், எதையும் மெதுவாகக் கேட்பவர். ஊரில் எல்லோரும் படித்த எழுத்துக்கு என்ன இரகசியம் என்று கேட்டார். அரசு வக்கீல் எழுந்து வரலாற்றுச் சிறப்புமிக்க பதிலைச் சொன்னார்.

"உலகத்துக்குத் தெரியலாம் ஐயா. நீதிமன்றத்துக்குத்தான் தெரியக் கூடாது."

"அந்த வண்டி ரோட்டுல ஓடுறப்ப நானே பார்த்தேனே?"

"அப்ப நீங்க தனி ஆளா பார்த்தீங்க ஐயா. நீதிபதியா பார்க்கலை."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கடைசியில், ஆவணத்தை அடுத்த விசாரணையன்று சீலிட்ட உறையில் போட்டு அவரிடம் ஒப்படைக்க வேண்டும், அவர் மட்டும் தனியாகப் பார்த்து முடிவு செய்வார் என்று உத்தரவிட்டார். அவர் நினைத்தது ஒரு புகைப்படம் வரும் என்று. உத்தரவில் இருந்ததோ 'அசல் ஆவணம்'. உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றாவிட்டால் துறை எதற்கு?

திரைச்சீலை தைக்கும் தையல்காரர் ஒருவரை வரவழைத்து, ஓர் உறை தைக்க வேண்டும் என்றேன். யாருக்கு என்றார். இரகசியம் என்றேன். அளவு எடுக்காமல் எப்படித் தைப்பது என்றார். நீள அகலத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை வைக்கணுங்களா சார்?"

"வேண்டாம்."

"கழுத்து?"

"அதுவும் வேண்டாம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சார், தப்பா நினைக்காதீங்க. அவரைச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க."

உறை வந்தது. அரக்கு காய்ச்சி, வண்டியைச் சுற்றிச் சீல் வைத்தோம். ஓட்டுநர் சாலையைப் பார்க்கலாம், ஆனால் சாலை ஆவணத்தைப் பார்க்கக் கூடாது என்று ஒரு குழு கூடி முடிவு செய்ததால், அவர் முகத்துக்கு நேரே வலைத்துணியும், ஏறும் படிக்கு நேரே ஒரு திறப்பும் மட்டும் வைத்துத் தைத்திருந்தது. இனி நீதிமன்றத்துக்குக் கொண்டு போவதுதான் பாக்கி. துறையின் இழுவை வண்டியைக் கேட்டோம். அதில் பிரேக் இருந்தது, எஞ்சின் இல்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்துவிட்டது. பிரேக் இல்லாமல் ஓட்டி அனுபவம் உள்ளவர் துறையிலேயே ஒருவர்தான். அவரைத் துறையே நீக்கியிருந்தது.

எனவே என் மாப்பிள்ளை ஒரு நாளைக்கு மட்டும் நல்லொழுக்கம் உள்ளவராகக் கருதப்படுவார் என்று உத்தரவு போட்டோம். நடத்துநர் இல்லாமல் பேருந்து ஓடக் கூடாது என்பது விதி. ஆகவே தங்கைக்கும் அதே ஒரு நாள் ஒழுக்கம் வழங்கப்பட்டது. அசல் ஆவணம் பொறுப்பு அதிகாரியின் நேரடிப் பாதுகாப்பில்தான் போக வேண்டும் என்பதும் விதி. அந்த விதியை எழுதியவன் நான். சுவரின் இடிபாட்டை அகற்றி வழி செய்தார்கள். நான் ஏறி உட்கார்ந்ததும் தங்கை பக்கத்தில் வந்து நின்றாள். பல நாளுக்குப் பிறகு என்னோடு பேசினாள்.

"டிக்கெட்."

எடுத்தேன்.

மாப்பிள்ளை கெட்டிக்காரர். முதல் கியரிலேயே, நடந்து போகிறவர்கள் எங்களை முந்தும் வேகத்தில், நீதிமன்றத் தெருவின் முனைவரை கொண்டு வந்துவிட்டார். நீதிமன்றம் அந்தத் தெருவின் இறக்கத்தில் இருக்கிறது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நீதிபதி இருக்கையில் அமரும் நேரம். அரசுத் தரப்பு தாமதமாக வந்தது என்ற அவப்பெயர் வந்துவிடக் கூடாதே.

"மாப்ள, கொஞ்சம் சீக்கிரம்."

"மச்சான், எழுதித் தர்றீங்களா?"

அவர் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். "வாய்மொழி உத்தரவு போதும்" என்றேன்.

வண்டி வேகம் எடுத்தது. பிறகு அதுவாகவே இன்னும் எடுத்தது. தங்கை விசில் ஊதினாள். மாப்பிள்ளை கியரோடு மல்லுக்கட்டினார். நான் துறையின் பெயரால் இருக்கைக் கம்பியைக் கட்டிக்கொண்டேன். நீதிமன்ற வாசல் கதவின் கொக்கியில் உறை மாட்டியது. சீல்கள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும் சத்தம் கேட்டது. நீதிமன்றப் படிகள் அகலமானவை, உயரம் குறைந்தவை. நீதி எல்லோருக்கும் எளிதில் எட்ட வேண்டும் என்று கட்டியவை. எங்களுக்கு மிக எளிதாக எட்டியது. ஆவணம் வருகிறது என்று கூடத்தின் இரட்டைக் கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த வக்கீல்கள் வாய்தா கேட்டுக்கொண்டே இரு பக்கமும் ஒதுங்கினார்கள். படிகள் வேகத்தைத் தின்றன, பெஞ்சுகள் மிச்சத்தைத் தின்றன. நீதிபதியின் மேசைக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

நீதிமன்றங்களில் தினமும் ஆவணங்கள் தாக்கல் ஆகின்றன. உண்மையிலேயே தாக்கிய ஆவணம் எங்களுடையது ஒன்றுதான்.

யாருக்கும் அடியில்லை. மேசைக்கு அடியிலிருந்து நீதிபதி மெதுவாக எழுந்தார். உறை வாசலோடு போய்விட்டதால், ஆவணம் முழு நிர்வாணமாக அவர் முகத்துக்கு நேரே நின்றது. அவர் உரக்கப் படித்தார்.

"பிரேக் இல்லை. வண்டியை எடுக்க வேண்டாம். பரவாயில்லை. மெதுவாக எடுக்கவும்."

சட்டப் புத்தக அலமாரியின் உச்சியில் தொற்றிக்கொண்டிருந்த அரசு வக்கீல், கடமை தவறாமல் அங்கிருந்தே ஆட்சேபித்தார். சிறப்புரிமை கோரிய ஆவணத்தை நீதிபதி திறந்த மன்றத்தில் படிக்கக் கூடாது என்றார்.

"நான் ஒண்ணும் தேடிப் போய்ப் படிக்கலையே. அதுதானே வந்துச்சு" என்றார் நீதிபதி. அதோடு இறங்கி வந்து, பேருந்தில் ஏறி, பிரேக்கை மிதித்துப் பார்த்தார். அது பாதம் போன போக்கில் போய்த் தரையைத் தொட்டது.  பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, மனுவில் சொன்னபடி இதை வைத்துக்கொண்டா பள்ளிக்கூடத்தையும் மார்க்கெட்டையும் தவிர்த்தாய் என்று கேட்டார். மாப்பிள்ளை தலையாட்டினார். தங்கை அழுதாள். அவள் வாயில் விசில் இருந்ததால் அழுகை சற்றுச் சத்தமாகவே கேட்டது.

தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. வேலை, நின்ற சம்பளம், குடியிருப்பு எல்லாம் திரும்பக் கிடைத்தன. பணிமனை மேலாளர் மாற்றப்பட்டார், இன்னும் பெரிய பணிமனைக்கு. தங்கை பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டை விட்டுப் போகும்போது என் தட்டுக்குப் பக்கத்தில் உப்பு ஜாடியை நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

செயலாளர் உடைந்து போயிருந்தார். தவறு எங்கே நடந்தது என்று கேட்டார். நான் பல நாள் யோசித்துக் கண்டுபிடித்தேன். தவறு பிரேக்கில் இல்லை. 'பரவாயில்லை' என்பதிலும் இல்லை. தவறு, பெயிண்டில். எழுதியதால்தானே ஆவணம் ஆயிற்று? ஆவணம் ஆனதால்தானே மறைக்க வேண்டியதாயிற்று? மறைத்ததால்தானே இத்தனை அவமானம்? அன்றே சுற்றறிக்கை தயாரித்தேன். எந்தப் பணியாளரும், எந்த வண்டியின் எந்தக் குறையையும், எதன்மீதும், எதனாலும் எழுதக் கூடாது. கிரீஸ் அதற்குப் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு, மோசமான வண்டியை யாராவது எடுத்தால் தலையை மட்டும் ஆட்டினார். தலையாட்டலும் ஒருவகைக் குறிப்பே என்று துணைச் சுற்றறிக்கை விட்டேன். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

மாப்பிள்ளை இப்போது தினமும் விடிவதற்கு முன்பே பணிமனைக்குப் போய், வண்டிக்கு அடியில் தானே படுத்துப் பிரேக்கைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறாராம். தங்கை டார்ச் பிடிக்கிறாளாம். மற்ற ஓட்டுநர்களுக்குத் துறையின்மேல் அவ்வளவு அவநம்பிக்கை கிடையாது.

போன மாதம் வேறொரு வண்டி பாலத்திலிருந்து ஆற்றுக்குள் போயிற்று. அதே நீதிபதி, வண்டி பற்றிய ஆவணங்களைக் காட்ட முடியுமா, அல்லது இதற்கும் சிறப்புரிமையா என்று கேட்டார். அரசு வக்கீல் நிமிர்ந்து நின்று, எங்கள் துறையின் வரலாற்றிலேயே முதன்முறையாக, எந்தச் சிறப்புரிமையும் கோரவில்லை என்று அறிவித்தார். கேட்ட காகிதம் அத்தனையும் கொடுத்தோம். கேட்காததையும் கொடுத்தோம். அந்த வண்டியைப் பற்றி எதிலும் ஒரு வரிகூடக் குறை இல்லை. ஒளிவுமறைவற்ற நிர்வாகம் என்று பத்திரிகைகள் பாராட்டின. அது வெறும் புகழ்ச்சி அல்ல. ஆற்றிலிருந்து எடுத்துக் கரையில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்களே அந்தப் பயணிகள், அவர்களில் ஒருவர்கூட எங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.